அக்கராயன் பக்கத்து ஆட்டுப் பண்ணை: பயந்த பிள்ளையை அழைத்துப் போகலாமா?

எங்கள் வீட்டுக்கு நாய்க்குட்டி வந்த நாளிலிருந்து ஏழு வயதுப் பேத்தி கதிரையை விட்டுக் கீழே இறங்கவில்லை. சோறும் அங்கேதான், வீட்டுப்பாடமும் அங்கேதான். குளியலறைக்குப் போகவேண்டுமென்றால் யாராவது தூக்கிக்கொண்டு போகவேண்டும். குட்டிக்கோ வயது இரண்டு மாதம். செருப்பைக் கவ்விக்கொண்டு ஓடுவதும், சட்டை விளிம்பைப் பிடித்து இழுப்பதும், தன் வாலைத் தானே துரத்திக் களைத்து விழுவதும்தான் அதன் முழுநேர வேலை. பிள்ளை கத்தினால், தன்னை விளையாட அழைக்கிறாள் என்று எண்ணி அது இன்னும் துள்ளியது. அது துள்ளினால் பிள்ளை இன்னும் உரத்துக் கத்தினாள். இரண்டு கிழமை இப்படியே போக, குட்டியை யாருக்காவது கொடுத்துவிடுவோமா என்று மகன் யோசிக்கத் தொடங்கிய வேளையில், என்னோடு முன்பு படிப்பித்த ஒருவர் அக்கராயன் பக்கத்தில் உள்ள ஓர் ஆட்டுப் பண்ணையைப் பற்றிச் சொன்னார். சனிக்கிழமைகளில் பிள்ளைகளைக் குட்டிகளோடு பழக விடுகிறார்கள் என்றும், பயந்த பிள்ளைகளை அவசரப்படுத்தாமல் நடத்துகிறார்கள் என்றும் அவர் கூறியதை நம்பி இதுவரை ஐந்து சனிக்கிழமைகள் போய் வந்துவிட்டோம். போகலாமா என்று யோசிக்கிற பெற்றோருக்கு உதவும் என்பதால் கண்டதைக் கண்டபடி எழுதுகிறேன்.

முதலில் போக்குவரத்து. கிளிநொச்சியிலிருந்து அக்கராயன் செல்லும் பேருந்தில் ஏறி, இறங்க வேண்டிய சந்தியை நடத்துநரிடம் சொல்லி வைத்தால் இறக்கிவிடுவார். அங்கிருந்து கால் மணி நேரம் நடக்கவேண்டும். ஓட்டோவில் போனால் படலை வரை போகலாம். சோளகம் வீசும் மாதங்களில் அந்தக் கிரவல் வீதியில் புழுதி கண்ணைத் திறக்க விடாது. பிள்ளைக்கு 500 ரூபா, கூடப் போகும் பெரியவருக்கு 200 ரூபா வாங்குகிறார்கள். காலை எட்டு மணி முதல் பதினொரு மணி வரைதான் அனுமதி. பதினொரு மணிக்குப் பிறகு ஆடுகள் நிழல் தேடிப் படுத்துவிடும், படுத்த ஆட்டை எழுப்பி விளையாட்டுக் காட்டுவதில்லை என்று முதல் நாளே சொன்னார்கள். இந்த ஒரு விதியைக் கேட்டதுமே எனக்கு அந்த இடத்தின்மேல் பாதி நம்பிக்கை வந்துவிட்டது.

அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. சென்ற ஆண்டு வேறோர் ஊரில் நடந்த விலங்குக் காட்சி ஒன்றுக்கு இதே பிள்ளையைக் கூட்டிப்போயிருந்தோம். அங்கே நின்ற ஒருவர், பிள்ளையின் பயத்தை ஒரே அடியில் போக்கிவிடுவதாகச் சொல்லி, எங்களைக் கேளாமலே ஒரு முயலைத் தூக்கி அவள் மடியில் போட்டார். முயல் உதைத்துப் பாய்ந்தது. பிள்ளையின் கையில் நகம் கீறியது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைத்தான் அவள் இன்றும் சொல்லிக் காட்டுகிறாள், கீறலை அல்ல. பயம் என்பது பிடுங்கி எறியக்கூடிய பல் என்று நினைக்கிறவர்கள் நம்மில் மிகப் பலர் இருக்கிறார்கள். நானும் வகுப்பறையில் அப்படி நடந்துகொண்ட நாட்கள் உண்டு என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும்.

இந்தப் பண்ணையில் முதல் அரை மணி நேரத்துக்கு எதுவுமே நடப்பதில்லை. பெரிய பாலை மரத்தின் கீழ் ஒரு வாங்கு கிடக்கிறது. பிள்ளையை அதில் இருத்தி, கையில் ஒரு சுருள் கச்சானைக் கொடுத்துவிட்டுப் பண்ணைக்கார அம்மா தன் பாட்டில் வேலையைப் பார்க்கிறார். முப்பது ஆடுகள் வரை நிற்கும் கொட்டில் வாங்கிலிருந்து இருபது பாக தூரத்தில் இருக்கிறது. பால்குடி மறந்த குட்டிகளை மட்டும் ஒரு வலைவேலிக்குள் திறந்துவிடுகிறார்கள். அங்கே அவருடைய பேரன், பத்து வயது இருக்கும், குட்டிகளோடு புரண்டுகொண்டிருக்கிறான். வாங்கில் இருக்கும் பிள்ளையை யாரும் வா என்று கூப்பிடுவதில்லை. காசைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்கிறோமே என்று முதல் நாள் எனக்கு எரிச்சல்தான் வந்தது. பிறகு ஒவ்வொரு வாரமும் அந்த வாங்கைச் சத்தமில்லாமல் வேலிக்கு அருகே நகர்த்தி வைக்கிறார்கள் என்பதைக் கவனித்தபோது, ஆசிரிய கலாசாலையில் உளவியல் பாடத்தில் படித்த ஒன்று நினைவுக்கு வந்தது. மேரி கவர் ஜோன்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர், முயலைக் கண்டு நடுங்கிய பீற்றர் என்னும் சிறுவனின் பயத்தைத் தணித்த விதத்தை 1924இல் எழுதியிருக்கிறார். பயமில்லாத பிள்ளைகள் முயலோடு விளையாடுவதை அவன் பார்க்கவிட்டதும், அவன் விரும்பிய உணவை உண்டுகொண்டிருக்கும்போது முயற்கூட்டைத் தூரத்தில் வைத்து நாளுக்கு நாள் சிறிது நெருக்கி வந்ததும்தான் அவர் கையாண்ட வழிகள். பண்ணைக்கார அம்மா அந்தப் பெயரைக் கேள்விப்பட்டதில்லை. புதிதாக வாங்கிய ஆட்டைப் பழைய பட்டியோடு சேர்ப்பதற்குத் தன் தகப்பன் செய்ததைத்தான் தான் பிள்ளைகளுக்குச் செய்வதாகச் சொன்னார். புது ஆட்டை ஒரு வேலிக்கு அப்பால் கட்டி, இரண்டு பக்கத்துக்கும் குழை போட்டு, தின்னத் தின்ன வேலியைக் குறுக்கி வருவாராம்.

இரண்டாம் சனிக்கிழமை நடந்ததைச் சற்று விரித்துச் சொல்லவேண்டும். அன்று எட்டரைக்கே வெயில் ஏறிவிட்டது. நான் வாங்கில் இருந்தபடி என் கறுப்புக் குடையைப் படாரென்று விரித்தேன். வேலிக்குள் நின்ற குட்டிகள் எல்லாம் ஒரே பாய்ச்சலில் மறு மூலைக்குப் போய்விட்டன. ஒன்று மட்டும், செம்மண் நிறத்தில் ஒரு காது வெள்ளையாக இருந்த மூன்று மாதக் குட்டி, தண்ணீர்த் தொட்டியின் பின்னால் நின்று மூக்கால் தும்முவதுபோல் சத்தம் எழுப்பி, ஒரு முன்னங்காலை நிலத்தில் உதைத்தது. நான் பதறிக் குடையை மடிக்கப் போனேன்.

“ரீச்சர், மடியாதையுங்கோ. விரிச்சபடியே வேலிக்குள்ள நிலத்தில வையுங்கோ” என்றார் அந்த அம்மா. வைத்தேன். பிறகு அவர் பேத்தியைப் பார்த்து, “பிள்ளை, அது ஏன் ஓடினது தெரியுமோ?” என்று கேட்டார்.

“குடைக்குப் பயம்.”

“குடை கடிக்குமோ?”

“இல்லை.”

“அதுக்கு அது தெரியாதெல்லே” என்று சொல்லிவிட்டுக் குழை வெட்டப் போய்விட்டார்.

அடுத்த இருபது நிமிடமும் பேத்தி கச்சானை மறந்துவிட்டாள். வெள்ளைக் காதுக் குட்டி மூன்று அடி முன்னே வந்து இரண்டு அடி பின்னே போனது. கழுத்தை எட்டின மட்டும் நீட்டி, பின்னங்கால்களை மட்டும் ஓடுவதற்கு ஆயத்தமாகப் பின்னால் ஊன்றிக்கொண்டு, குடையின் கம்பி நுனியை மூக்கால் தொட்டது. அந்த நேரம் பார்த்துக் காற்றில் குடை அரை வட்டம் உருண்டது. குட்டி தொட்டிக்குப் பின்னால் பறந்தது. பேத்தி வாங்கிலிருந்து எழுந்து நின்று, “பயப்பிடாதை, அது குடைதான்” என்றாள். ஒரு மிருகத்தை நோக்கி அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான். குட்டி திரும்பவும் வந்தது, திரும்பவும் ஓடியது, நாலாம் முறை வந்தபோது குடையின் நிழலுக்குள் தலையை விட்டு, கைப்பிடியில் தொங்கிய பட்டியை ஆறுதலாகச் சப்பத் தொடங்கியது. பேத்தி வேலியோரம் போய்க் குந்தியிருந்தாள். அங்கே போகச் சொன்னவர் எவரும் இல்லை. போனதை மெச்சியவரும் இல்லை. மெச்சியிருந்தால் அவள் திரும்பி வந்திருப்பாள் என்று நினைக்கிறேன்.

ஆட்டில் தொடங்கி நாய்க்குப் போகும் ஒழுங்கும் சரியானதாகவே எனக்குத் தோன்றுகிறது. ஆட்டுக்கு மேல்வாயின் முன்பக்கத்தில் பற்கள் இல்லை, தடித்த முரசு மட்டுமே உண்டு. குழை நீட்டிய பிள்ளையின் விரலை அது தன் உதட்டால்தான் துழாவும். பேத்தியின் முதல் தொடுகை அந்த உதடுதான். ஈரமான ரப்பர் போல இருக்கிறது என்றாள். ஆட்டின் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் அமைந்து, கண்மணியும் நம்முடையதுபோல் வட்டமாக இல்லாமல் கிடையாக நீண்டிருப்பதால் அது தலையைத் திருப்பாமலே 300 பாகைக்கு மேல் பார்க்கக்கூடியது என்பதையும் அங்கேதான் அவளுக்குக் காட்டினேன். எனவே பின்னால் பதுங்கிப் போய்ப் பிடிக்கலாம் என்று நினைக்கும் பையன்கள் அங்கே தோற்றுப்போவதைப் பார்க்க நல்ல பகிடி.

மூன்றாம் வாரம் நாய்க்குட்டிகள். பண்ணை நாய் ஈன்ற நான்கு குட்டிகள், ஏழு கிழமை வயது. வீட்டில் எங்களை ஆட்டிப்படைத்த சிக்கலுக்கு இங்கேதான் விடை கிடைத்தது. முன்னங்கால்களை நிலத்தில் நீட்டி, நெஞ்சைத் தாழ்த்தி, பின்பக்கத்தை உயர்த்தி வாலை ஆட்டும் நிலை, நாய் இனத்தில் விளையாட்டுக்கு விடுக்கும் அழைப்பாகும். அதைத் தொடர்ந்து வரும் உறுமலும் கவ்வலும் பொய்ச்சண்டை என்று முன்கூட்டியே சொல்லிவிடும் அடையாளம் அது. பேத்தியோ அதைப் பாயப்போகும் புலியின் பதுங்கலாக இவ்வளவு நாளும் வாசித்திருக்கிறாள். பொருள் தெரியாத எழுத்தைக் கண்டு பிள்ளை மிரண்டிருக்கிறாள். எழுத்தைச் சொல்லிக்கொடுக்காமல் நாங்கள் தைரியத்தைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தோம். நான்கு குட்டிகளும் தங்களுக்குள் விளையாடும்போது அந்த அம்மா அவளைத் தன் பக்கத்தில் இருத்தி, “இப்ப கூப்பிடுது”, “இப்ப போதுமெண்டுது”, “இப்ப நொந்துபோச்சு, அதுதான் கீச்சிடுது” என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் அதைப் பேத்தி எனக்குச் சொல்லித் தந்தாள்.

குட்டி மேலே துள்ளினால் கைகளை நெஞ்சோடு கட்டி, பக்கவாட்டில் திரும்பி, மரம்போல் நிற்கவேண்டும். ஓடவும் கத்தவும் கூடாது. நான்கு காலும் நிலத்தில் பட்ட பிறகு பேசலாம். கையைக் கடிக்க வந்தால் கைக்குப் பதில் ஒரு பழந்துணியைக் கொடுக்கவேண்டும். இவ்வளவுதான் பாடம். நாய்க்குட்டிகளைப் பொறுத்தவரை மூன்றாம் கிழமை தொடக்கம் ஏறத்தாழப் பதினான்காம் கிழமை வரை புதிய மனிதர்களையும் பொருட்களையும் ஏற்றுக்கொள்ளப் பழகும் காலம். அந்த வயதில் கண்டு பழகாதவற்றுக்கு அவை பின்னர் வாழ்நாள் முழுவதும் வெருளக்கூடும். ஆகையால் இவர்கள் குட்டிகளுக்கு விளக்குமாறு, சைக்கிள், வானொலி, தொப்பி போட்ட ஆள் என்று வாரத்துக்கு ஒன்றாகக் காட்டுகிறார்கள். எங்கள் பிள்ளைகளும் அந்தக் குட்டிகளுக்குக் காட்டப்படும் புதுப் பொருட்களில் ஒன்றுதான் என்று அந்த அம்மா சொன்னபோது, யார் யாருக்குக் கட்டணம் கொடுக்கவேண்டும் என்று கேட்டேன். சிரித்துவிட்டு 500 ரூபாவை வாங்கிக்கொண்டார்.

புதியதைக் கண்டு பயப்படாதே என்று வன்னியில் ஒரு பிள்ளைக்குச் சொல்வது எளிதான காரியம் அல்ல. 2009இல் போர் முடிந்து மக்கள் மீளக்குடியமர்ந்த ஆண்டுகளில் நான் வகுப்பில் எழுத்தறிவுக்கு முன்பே கற்பித்த பாடம் இதற்கு நேர்மாறானது: தெரியாத பொருளைத் தொடாதே, தடியால் தட்டாதே, கல் எறியாதே, வந்த தடத்திலேயே திரும்பி வந்து பெரியவரிடம் சொல். கண்ணிவெடி என்று எச்சரிக்கும், மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகைகள் பள்ளிக்கூடம் போகும் வழியெல்லாம் நின்றன. அந்தப் பாடத்தைக் கேட்டு வளர்ந்தவர்கள்தான் இன்றைய தாய் தகப்பன்மார். பேத்தியின் தாயான என் மகளும் அப்படித்தான், வளவில் எந்தப் புதுப் பொருளைக் கண்டாலும் “தொடாதை” என்ற சொல்தான் அவள் வாயில் முதலில் வரும். அந்த எச்சரிக்கை உயிர்களைக் காப்பாற்றியது. ஆகவே பயத்தைப் பழிக்கும் எந்த இடத்துக்கும் நான் பிள்ளையைக் கூட்டிப்போகமாட்டேன். இந்தப் பண்ணை அதைப் பழிக்கவில்லை. வேலிக்கு வெளியே உள்ள கட்டாக்காலி நாய்களைக் காட்டி, அவற்றை எட்ட நின்று பார்க்கவேண்டும், உரிமையாளரைக் கேட்காமல் எந்த நாயையும் தொடக்கூடாது, தின்னும் நாயையும் குட்டி போட்ட நாயையும் நெருங்கவே கூடாது என்று ஒவ்வொரு வாரமும் சொல்கிறார்கள். யானை வரும் காலத்தில் பொழுதுபட்ட பின் வேலிப்பக்கம் போகாத பிள்ளை கெட்டிக்காரப் பிள்ளை என்றும் சொல்கிறார்கள்.

எனக்கும் நாய் என்றால் ஆகாது என்பதை இங்கே சொல்லிவிடவேண்டும். சிறுவயதில் கடிபட்டு, தொப்புளைச் சுற்றி நாள்தோறும் ஊசி போட்டுக்கொண்ட தலைமுறை நான். இன்று அந்த முறை இல்லை. சில ஊசிகளே, அவையும் கையில். ஆனாலும் என் வீட்டில் பிள்ளையைப் பயமுறுத்த அந்தப் பழைய ஊசிக் கதையைச் சொன்னது நான்தான், அதை எண்ணி வெட்கப்படுகிறேன். சொல்லவேண்டியது வேறு: எந்த நாய் கடித்தாலும் கீறினாலும் காயத்தை ஓடும் தண்ணீரிலும் சவர்க்காரத்திலும் 15 நிமிடம் கழுவி, தாமதியாமல் வைத்தியசாலைக்குப் போகவேண்டும், ஏனென்றால் விசர்நோயின் அறிகுறிகள் தோன்றிவிட்டால் அநேகமாக உயிர் தப்புவதில்லை, தோன்றுமுன் தடுப்பூசி போட்டால் தடுக்கலாம். பண்ணையின் தாய் நாய்க்குத் தடுப்பூசி போட்ட அட்டையைக் கேட்டேன். கேட்ட உடனே எடுத்துக் காட்டினார்கள். நீங்களும் கேளுங்கள்.

குறைகளும் உண்டு. சவர்க்காரத்தின் முக்கியத்தை இவ்வளவு பேசும் இடத்தில், முதல் இரண்டு வாரமும் கிணற்றடியில் சவர்க்காரம் இருக்கவில்லை. நான் சொன்ன பிறகுதான் ஒரு கட்டி வந்தது, அதையும் ஒரு காகம் தூக்கிக்கொண்டு போய்விட்டது. மலசலகூடம் துப்புரவாக இருந்தாலும் சிறு பிள்ளைகளுக்கு ஏற்றதல்ல. உண்ணி இருக்கிறது, வீட்டுக்கு வந்ததும் பிள்ளையின் காதுப் பின்புறத்தையும் முழங்கால் மடிப்பையும் பார்க்கவேண்டும். தொலைபேசியை எடுக்கமாட்டார்கள், மாலையில் அவர்களே திருப்பி எடுப்பார்கள். இவை எல்லாம் சிறியவை. நாலாம் சனிக்கிழமைதான் எனக்கு உண்மையில் மனம் கசந்தது. அன்று ஒரு வான் வண்டியில் இருபது பிள்ளைகள் வந்திறங்க, எவரையும் திருப்பி அனுப்ப மனமில்லாமல் எல்லோரையும் உள்ளே விட்டுவிட்டார்கள். அமளியில் ஒரு கடாக்குட்டி மிரண்டு ஒரு சிறுவனை முட்டித் தள்ளியது. முழங்கால் உரசியதோடு போயிற்று. பேத்தி வாங்குக்குத் திரும்பி, அன்று முழுவதும் அதிலிருந்து எழவில்லை. ஒரு நேரத்தில் ஆறு பிள்ளைகளுக்கு மேல் விடக்கூடாது என்று சொன்னேன். அடுத்த வாரம் படலையில் அப்படி ஓர் அறிவித்தல் தொங்கியது. அதை எவ்வளவு காலத்துக்குக் கடைப்பிடிப்பார்கள் என்பதைப் பொறுத்திருந்து பார்க்கவேண்டும். ஆகையால் போகுமுன் அன்று எத்தனை பேர் வருகிறார்கள் என்று கேட்டு வையுங்கள், கூட்டம் என்றால் அடுத்த கிழமைக்குத் தள்ளிப்போடுங்கள்.

ஒரு நாளில் பயம் தெளியவேண்டும், அதைக் கைபேசியில் படம் எடுக்கவேண்டும் என்று வருகிறவர்களுக்கு இந்த இடம் சரிவராது. ஐந்து வாரத்துக்கு ஒரு பிள்ளைக்கும் ஒரு பெரியவருக்குமாக 3500 ரூபா, அதற்கு மேல் பேருந்துச் செலவு. எங்களைப் போன்ற ஓய்வூதியக்காரருக்கு அது சிறு தொகை அல்ல. ஆனாலும் கொடுத்த காசு வீண்போகவில்லை என்பேன். வீட்டில் பேத்தி இப்போது கதிரையை விட்டு இறங்கி நடக்கிறாள். குட்டி முன்னங்காலை நீட்டிக் குனிந்தால், “அம்மம்மா, கூப்பிடுது” என்று அறிவித்துவிட்டு, மனமிருந்தால் பழந்துணியை எடுக்கிறாள், மனமில்லாவிட்டால் மரம்போல் நிற்கிறாள். இருட்டில் அது திடீரென்று வந்தால் இன்னும் கத்துகிறாள், நானும் கத்துகிறேன்.

ஆறாம் வாரம் போவதாக முடிவாகிவிட்டது. குடையைக் கொண்டுபோவதா இல்லையா என்பதில்தான் எங்களுக்குள் இன்னும் இணக்கம் இல்லை. பட்டியில் பாதியை அந்த வெள்ளைக் காதுக் குட்டி தின்றுவிட்டது என்பது என் கட்சி. அதற்குக் குடை இப்போதுதான் பழகியிருக்கிறது, கொண்டுபோகாவிட்டால் அது தேடும் என்பது அவள் கட்சி.